படமெடுக்குமுன் ஒரு கேள்வி

ஸ்பானிய ஓவியர் கோயா 1819ஆம் ஆண்டின் இறுதியில் கடும் நோய்வாய்ப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. செவிப்புலனை இழந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மருத்துவர் அர்ரியேட்டாவின் கவனிப்பில் பிழைத்தெழுந்தவர், மறு ஆண்டு ஓர் ஓவியம் தீட்டி அவருக்கே அளித்தார். அதன் அடியில் எழுதிய நன்றியுரையில் மருத்துவரை நண்பர் என்றே குறிப்பிட்டார். இன்று அவ்வோவியம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

படத்தில் கோயா வெளிறிய முகத்துடன், தானாக நிமிர்ந்து அமரவும் இயலாமல் சாய்ந்திருக்கிறார். மருத்துவர் ஒரு கையால் அவர் தோளைத் தாங்கி, மறு கையால் மருந்துக் குவளையை நீட்டுகிறார். செவி கேளாதவருக்கு அந்தக் கையின் அழுத்தமே பேச்சாகவும் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கோயாவின் விரல்களோ போர்வையை இறுகப் பற்றியிருக்கின்றன. உடலையே பிறர் கையில் ஒப்படைத்த வேளையிலும் தமக்கென ஏதோ ஒன்றை அவர் விடவில்லை.

இவ்வோவியம் நம்மைக் கூசச் செய்வதில்லை. தம் தளர்ச்சியை யாருக்கு, எவ்வளவு காட்டுவது என்று தீர்மானித்தவர் அவரே. சுவிட்சர்லாந்து ஓவியர் ஹோட்லர் செய்தது வேறு. புற்றுநோயுற்ற தம் காதலி வாலன்டீனை, 1915 ஜனவரியில் அவர் இறக்கும்வரையிலும் இறந்த பின்னரும், மீண்டும் மீண்டும் வரைந்தார். அவற்றில் அன்பு இருப்பதை மறுக்க மாட்டேன். ஆயினும், கண் திறக்கவும் வலுவற்ற நாள்களில் அவரிடம் ஹோட்லர் கேட்டிருப்பாரா என்ற ஐயம் என்னை விடுவதில்லை.

அக்கேள்வி நம் வார்டுகளுக்கும் உரியது. மூக்கில் குழாயும் கலைந்த கூந்தலுமாகக் கிடப்பவரைக் கைப்பேசியில் படமெடுத்து, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் இடுகிறோம். ஊரிலிருப்போர் கவலைப்படுகிறார்கள் என்பது நியாயமான காரணம்தான். ஆனால், பெற்ற மகனாயினும் நாற்பதாண்டு நண்பராயினும், நெருக்கம் ஒன்றே அனுமதி ஆகிவிடாது என்பது என் கருத்து. பேச இயன்றவரிடம் கேட்கலாம். இயலாதவரிடம் ஒரு தலையசைப்பே போதும். மயக்கத்தில் இருப்பவரை, அவர் விழிக்கும்வரை படமெடுக்காதிருப்பதே நன்று. நலம் விசாரிப்போருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதாதா?

நோயுற்றிருப்போருக்கும் ஒரு சொல். வேண்டாம் என்று மகனிடமோ தோழியிடமோ நேரில் சொல்லக் கூச்சமாயிருந்தால், செவிலியரிடம் சொல்லி அவர் வழியாகத் தெரிவியுங்கள். எடுத்துவிட்ட படத்தை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமையுண்டு.