காய்ச்சல் வார்டுக்கு இதய மருத்துவரும் வரட்டும்

காய்ச்சல் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவரின் உறவினர்கள் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு சார்?" என்பதுதான். கொரோனா வந்துபோன பிறகு ஆக்சிஜன் அளவையும் விசாரிக்கிறோம். "இதயம் எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குஜிலியம்பாறை வட்டாரத்தில் மழைக்காலம்தோறும் காய்ச்சல் முகாம் நடக்கிறது, புகை அடிக்கிறார்கள், தொட்டிகளில் மருந்து ஊற்றுகிறார்கள். இவற்றோடு அந்தக் கேள்வியும் சேர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வைரஸ் காய்ச்சல் இதயத்தைப் பல வழிகளில் தாக்கும். சில வைரஸ்கள் இதயத் தசையையே வீங்கச் செய்து அதன் துடிப்பைப் பலவீனமாக்குகின்றன. சில, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. ஏற்கெனவே கொழுப்பு படிந்த ரத்தக்குழாய் உள்ளவருக்குக் காய்ச்சலே மாரடைப்பைக் கொண்டுவரலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைப் போல ஆறு மடங்கு என்று கண்டது. சாதாரண ஃப்ளூ என்று நாம் ஒதுக்கிவிடும் காய்ச்சலைப் பற்றிய கணக்கு இது.

நமக்கு நெருக்கமான நோய் டெங்கு. 2017இல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மானாவாரிப் பூமியான நம் பக்கத்தில் கொசு எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் அருமையான ஊரில்தான் டிரம், சிமென்ட் தொட்டி, அண்டா, குடம் என்று பிடித்து வைப்போம். சில நாளுக்கு ஒருமுறை வரும் குடிநீரை மூடாமல் வைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

டெங்குவில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான் தொடங்குகிறது. மில்லுக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு சூடு தணிகிறது. சரியாகிவிட்டது என்று ஷிப்டுக்குக் கிளம்புகிறார். அன்று மாலையே வயிற்றுவலி, ஓயாத வாந்தி. கைகால் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் கட்டம் இது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாகிவிட்டால் அதிர்ச்சி நிலை என்று மருத்துவர்கள் பரபரப்பாவார்கள். இந்த நேரத்தில் டிரிப்ஸ் குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து, கூடினாலும் ஆபத்து. குறைந்தால் உறுப்புகளுக்கு ரத்தம் போகாது. கூடினால், ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும்போது நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். இதயத் தசையும் வீங்கியிருந்தால் அதற்கு முன்பே திணறல் வந்துவிடும்.

இங்கேதான் இதய மருத்துவர் தேவைப்படுகிறார். படுக்கைக்குப் பக்கத்திலேயே எக்கோ கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்த்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா? கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரை நிரம்பியிருக்கிறதா, ஒட்டிப்போயிருக்கிறதா? சிரை ஒட்டியிருந்தால் டிரிப்ஸைக் கூட்டலாம். இதயம் சோர்ந்திருந்தால் டிரிப்ஸைக் குறைத்து, துடிப்புக்குத் தெம்பூட்டும் மருந்தைத் தொடங்கலாம். பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டு வேலைக்கு முன்னுதாரணம் உண்டு. 2020இல் கொரோனா பரவியதும், இதயப் பிரிவு உள்ளிட்ட உயர் சிகிச்சைகளுக்குப் பெயர் பெற்ற சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாக மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில், இதய அறுவை நிபுணர் கே.ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, கொரோனாவால் நுரையீரல் சிதைந்த 48 வயதுக்காரருக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. ஆசியாவில் இதுவே முதல் முறை என்று அறிவிக்கப்பட்டது. மாற்று உறுப்பு கிடைக்கும்வரை அவரைக் காத்து வைத்திருந்தது எக்மோ கருவி.

எக்மோ என்ற பெயரை நம்மில் பலர் 2016 டிசம்பரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா அப்பல்லோ மருத்துவமனையில் இருந்தபோது கேட்டோம். பிறகு 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்காக நாடே வேண்டிக்கொண்டிருந்த வாரங்களில் கேட்டோம். அவர் செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இரு தடவையும் மரணத்தோடு சேர்ந்து வந்ததால், எக்மோ வைத்தால் முடிந்தது என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. அது சரியல்ல. 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் திறந்த இதய அறுவைக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்திய இதய-நுரையீரல் இயந்திரத்தின் வாரிசுதான் எக்மோ. தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு சவ்வின் வழியாக ஆக்சிஜனை ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்பும். இதய அறுவை அரங்கில் பிறந்த கருவி என்பதால், அதைக் கையாளும் பழக்கம் இதய அறுவை நிபுணர்களுக்கும், அறுவையின்போது அந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுகளுக்கும்தான் முதலில் வந்தது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் எக்மோவில் வைக்கப்பட்ட 68 பேரின் சராசரி வயது முப்பத்து நான்கு அளவில்தான் இருந்தது, பெரும்பாலோர் பிழைத்தார்கள். வைரஸால் இதயத் தசை திடீரென்று செயலிழந்த இளம் வயதினருக்கு, சில நாட்கள் இதயத்தின் வேலையை இயந்திரம் செய்தால் இதயம் தானாகத் தேறி வருவதும் உண்டு.

ஆனால் கருவி வாங்கினால் மட்டும் போதாது. கொரோனாவின் முதல் மாதங்களில் எக்மோ வைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 37 சதவீதம் பேர் இறந்ததாக உலகப் பதிவேடு சொன்னது. பிந்தைய மாதங்களில் அந்த விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. புதிதாகத் தொடங்கிய மையங்களில் இழப்பு இன்னும் கூடுதல். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் எக்மோ வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தேவைப்படுபவரை நேரத்தோடு கண்டுபிடித்து, பழக்கப்பட்ட மையத்துக்கு அனுப்பும் வழி வேண்டும் என்று கேட்கிறோம்.

குஜிலியம்பாறை இதற்கு வசதியான இடத்தில்தான் இருக்கிறது. தெற்கே திண்டுக்கல், வடக்கே கரூர். இரண்டு ஊரிலும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. திண்டுக்கல் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. அதற்கு மேல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. வேடசந்தூரில் அரசு மருத்துவமனை, அழைத்தால் வரும் 108. கண்ணிகள் எல்லாம் இருக்கின்றன, கோத்தால் போதும். மாரடைப்புக்கு ஈசிஜியைப் படமெடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்கும் முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கடும் காய்ச்சலுக்கும் அதே வழியைத் திறந்துவிடலாம். தீவிர சிகிச்சையில் சேரும் ஒவ்வொரு காய்ச்சல் நோயாளிக்கும் முதல் நாளே ஈசிஜி, இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் டிராப்போனின் ரத்தப் பரிசோதனை, முடிந்தால் எக்கோ எடுக்கட்டும். இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கும் ஓர் இதய மருத்துவர் முறைவைத்து இருக்கட்டும். திண்டுக்கல், கரூர் நகரங்களின் தனியார் இதய மருத்துவர்கள் மாதத்தில் ஓரிரு இரவை இதற்கு ஒதுக்கினால் அரசு மருத்துவர்களின் சுமை குறையும்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் சாப்பிடுபவர்கள் இன்று ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டெங்கு வந்தால் மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தக்கசிவு பயம். தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும் பயம். பக்கத்து வீட்டுக்காரரோ மெடிக்கல் கடைக்காரரோ முடிவு செய்யக்கூடிய விஷயமில்லை இது. ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆனது, பிளேட்லெட் எந்த வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்து இதய மருத்துவர்தான் சொல்ல முடியும். யார் யார் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது ஊரில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீடு தேடிக் கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அவர். காய்ச்சல் காலத்தில் அவர் முதலில் எட்டிப்பார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியல் அவரிடமே இருக்கிறது. அந்த வேலைக்கு உரிய ஊதியத்தையும் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை.

மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. காய்ச்சல் என்று வந்தவருக்கு மெடிக்கல் கடையில் "ஒரு செட் மாத்திரை" கொடுத்து அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருந்தால் டெங்குவில் ரத்தக்கசிவைத் தூண்டும். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று நாமும் கேட்கக் கூடாது. வேனில் ஆள் ஏற்றிச் செல்லும் நூற்பாலைகள், காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்புத் தரட்டும். காய்ச்சல் விட்ட அன்றே ஷிப்டுக்கு அழைப்பதன் ஆபத்தை மேலே பார்த்தோம். பேரூராட்சியும் ஊராட்சிகளும் தொட்டிகளுக்கு மூடி போட வைக்கட்டும். இதய நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும்; மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த ஊசி இறப்பைக் குறைத்ததாக 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை அவசரத்தில் தேடாமல் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குத் திரும்பியவரை நாம் மறந்துவிடுகிறோம். வைரஸால் இதயத் தசை வீங்கியவர், வீக்கம் தணியும்வரை மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடலுழைப்பைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ விதி. மீறினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கூலி வேலைக்குப் போகிறவரிடம் மூன்று மாதம் சும்மா இரு என்று சொல்லி அனுப்பினால் யார் இருப்பார்கள்? நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுப்பது போன்ற இலகுவான பணியை அவருக்கு ஒதுக்கலாம். மில் தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, உரிய காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஏறத்தாழ அதே மூன்று மாதம். பதிவு செய்ய வேண்டியது மில் நிர்வாகம். மருத்துவர் சான்றிதழில் இதயப் பாதிப்பையும் ஓய்வுக் காலத்தையும் தெளிவாக எழுத வேண்டும். சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று தொழிலாளியின் வீட்டில் படித்த பிள்ளை யாராவது இந்த மாதமே சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும்.