வாசலில் ரோடு இல்லாதவர் வரி

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தெருவுக்குத் தளம் போட்டு, நடைபாதை அமைத்து, சாக்கடை கட்டினால், அந்தச் செலவில் ஒரு பகுதியை அந்தத் தெருக்காரர்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வீட்டு மனை தெருவை ஒட்டி எத்தனை அடி நீளமோ, அதற்குத் தக்கபடி தொகை என்பது பல ஊர்களில் பழக்கம். நியூயார்க்கில் 1691-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள்.

ஆனால், வசூலுக்குமுன் நகர சபை கூடி, வீட்டுக்காரர்களை அழைத்து, "உங்கள் ஆட்சேபம் என்ன?" என்று கேட்கும். ஒரு பாட்டியம்மாள் எழுந்து, "என் வாசலில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, இதற்குப் பணம் வேறு தரவேண்டுமா?" என்று சபையைத் திணற அடிக்கலாம். தொகை குறைகிறதோ இல்லையோ, பாட்டி சொன்னது குறிப்பில் ஏறும்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1920-ல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, திட்டத்தினால் மனையின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வில் பங்கு கேட்க இடம் வைத்திருந்தார்கள்.

சரி, இந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனால் என்ன ஆகும்? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றி முடிந்து மேலே போனால் 14 நாடுகள். 'நாடு' என்றதும் கோட்டை கொத்தளங்களைத் தேட வேண்டாம். வல்வில் ஓரியின் காலம் போய்விட்டது. இன்று ஒவ்வொரு நாடும் ஓர் ஊராட்சி. பைல் நாடு அவற்றில் ஒன்று. மலைச் சரிவில் ரோடு ஓரிடம், குடியிருப்பு ஓரிடம்; நடுவே மிளகுக் கொடியும் பலா மரமும். இங்கே அடிக் கணக்குப் பார்த்தால், ரோட்டோரத்து டீக்கடைக்காரர் ஒருவரே மலைச் செலவு முழுவதையும் சுமக்க வேண்டியதுதான்!

நம் ஊராட்சிகளில் வீட்டு வரி வீட்டைப் பார்த்து விதிப்பது. தெருவைப் பார்த்து அல்ல. ஆகவே, வாசலில் பஸ் வந்து நிற்கிற வீட்டுக்காரருக்கும், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறவருக்கும் ஒரே அளவுகோல். வரியை வேண்டுமானால் இப்படியே வைத்துக் கொள்ளட்டும். ஆனால் பின்னவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: "ஐயா, என் பக்கம் ரோடு எப்போது?"

அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். மலைவாசிகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. ஊருக்கு ரோடு போடக் காட்டு நிலம் குறுக்கிட்டால், 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை அதற்காகப் பெறலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டக்கூடாது. அதற்குக் கிராம சபையின் சிபாரிசு அவசியம். அமெரிக்கப் பாட்டி ஆட்சேபம்தான் சொல்லலாம். கொல்லிமலைப் பாட்டி கை தூக்கினால் ரோட்டுக்கே வழி பிறக்கும்.

சபை செல்ல ஆள் கணக்கும் உண்டு: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200. சமவெளியில் இது பெரிய காரியமல்ல. மலையில், ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கி வருவதற்குள் பாதிப் பகலும் அன்றைய கூலியும் போய்விடும். ரோடு இல்லாதவர்தான் ரோடு கேட்க வரவேண்டும். ரோடு இல்லாததாலேயே அவர் வருவதில்லை! வந்தவர்களில் சிலரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டிவிட்டால், தீர்மானம் யாருடையது?

ஊராட்சி வரியை இணையத்திலேயே கட்டும் வசதி 2023-ல் வந்துவிட்டது. கேள்வி கேட்கிற பக்கம் அவ்வளவு வேகம் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. அலுவலர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும், "தலைவரே, ஓட்டுக் கேட்டு வந்தபோது என்ன சொன்னீர்கள்?" என்று அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாதே!

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அதிகச் செலவில்லாதது. பைல் நாட்டிலும் மற்ற நாடுகளிலும் ஒவ்வொரு கிராம சபையையும், அந்த ஊராட்சியில் ரோடு எட்டாத குக்கிராமம் ஒன்றில் கூட்டட்டும். ரோட்டோரக்காரர்களும், கணக்குப் புஸ்தகமும், அலுவலரும் ஒரு தடவை ஒற்றையடிப் பாதையில் நடந்து வரட்டும். மழைக் காலமாக இருந்தால் இன்னும் விசேஷம்.