ராபின் ஹூட் யார் வீட்டுப் பிள்ளை?

"இல்லாதவன் எதைடா விட்டுட்டு வரப்போறான்?"

இரண்டு வருடங்களுக்கு முன் விடுதி அறையில் நண்பன் கேட்ட கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றியது. 1984 முதல் 1986 வரை பிரிட்டனின் ஐடிவியில் ஒளிபரப்பான 'ராபின் ஆஃப் ஷெர்வுட்'. ரிச்சர்ட் கார்பென்டர் உருவாக்கிய அந்தத் தொடரின் 26 அத்தியாயங்களையும் நாங்கள் மூன்று பேர் ஒரே மடிக்கணினியில், ஒரு மாதம் இரவு இரவாகப் பார்த்து முடித்தோம். நான் நாட்டார் கதைப்பாடல்களில் ஆய்வு செய்கிறவன். எனக்கு அது பாதி வேலை, பாதி பொழுதுபோக்கு. மற்ற இருவருக்கும் முழுப் பொழுதுபோக்கு. ஆனால் முடித்த அன்று மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

காரணம், இந்தத் தொடரில் ராபின் ஹூட் ஒருவர் அல்ல, இரண்டு பேர்.

முதல் ராபின், லாக்ஸ்லி கிராமத்தான். அந்தக் கிராமத்தைப் படைகள் எரிக்கின்றன, தகப்பன் கொல்லப்படுகிறான். மாவு ஆலைக்காரர் வீட்டில் பிள்ளையோடு பிள்ளையாக வளர்கிறான். மைக்கேல் ப்ரேட் நடித்த இந்த ராபின், இரண்டாம் பருவத்தின் முடிவில் மனைவி மரியனையும் வளர்ப்புத் தம்பி மச்சையும் தப்பவிட்டுவிட்டு, ஷெரீஃபின் ஆட்களுக்கு முன்னால் தனியாக நின்று சாகிறான். மூன்றாம் பருவத்தில் அவன் இடத்துக்கு வருகிறவன் ஹண்டிங்டன் பிரபுவின் மகன் ராபர்ட். நடித்தவர் ஜேசன் கானரி, புகழ்பெற்ற ஷான் கானரியின் மகன். கோட்டையை, சொத்தை, பட்டத்தை விட்டுவிட்டுக் காட்டுக்கு வருகிறான். பழைய தோழர்கள் அவனை உடனே நம்பிவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் ஏற்கிறார்கள்.

தொடரின் ரசிகர்கள் அன்றிலிருந்து இரண்டு கட்சி. ப்ரேட் கட்சி, கானரி கட்சி. யார் நடிப்பு நல்ல நடிப்பு, யார் முகத்தில் காட்டின் மர்மம் இருந்தது, எந்தப் பருவத்தின் கதைகள் இறுக்கமானவை என்பதெல்லாம் வெளியே பேசப்படுவது. எங்கள் அறையிலும் அப்படித்தான் தொடங்கியது. நிலம் நீச்சு உள்ள குடும்பத்திலிருந்து வந்த நண்பன் கானரி கட்சி. "எல்லாம் இருந்தும் விட்டுட்டு வர்றான் பாரு, அவன்தான் பெரியவன்" என்றான். நான் ப்ரேட் பக்கம் பேசியபோதுதான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு ஆய்வு உதவித்தொகை வராத எட்டு மாதமும் மெஸ் பில் கட்டியவன் அவன். அதனால்தான் அந்தக் கேள்வி அதிகமாக வலித்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் சதி எதுவும் இல்லை. மைக்கேல் ப்ரேட் அமெரிக்காவில் மேடை நாடக வாய்ப்புக்காக விலகினார். தொடரை நடத்த வேறு முகம் தேவைப்பட்டது. ராபினுக்குப் பழங்கதைகளில் ஏற்கெனவே இரண்டு பிறப்புகள் இருந்தன. ஒன்று லாக்ஸ்லி, மற்றொன்று ஹண்டிங்டன் பிரபு. கார்பென்டர் அந்த இரண்டாம் பிறப்பை எடுத்துக்கொண்டார். கதாசிரியராக அது புத்திசாலித்தனமான தீர்வு. என் கேள்வி வேறு. அந்தப் பிரபுப் பிறப்பு, கை நீட்டினால் எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் எப்படி வந்து உட்கார்ந்தது?

ராபின் ஹூட் பற்றிய பாடல்கள் இருந்ததற்கான முதல் குறிப்பு 1377ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கவிதையில் வருகிறது. ஜெபம் ஒழுங்காகத் தெரியாத, ஆனால் ராபின் ஹூட் பாட்டு தெரிந்த ஒரு சோம்பேறிப் பாதிரி அதில் வருகிறார். அதாவது, பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கும் பாட்டாகத்தான் அது முதலில் ஏட்டில் ஏறுகிறது. 1500ஐ ஒட்டி அச்சான நீண்ட கதைப்பாடலில் ராபின் பிரபு இல்லை. பண்ணையடிமையும் இல்லை. சொந்தக் காலில் நிற்கும் குடியானவன். யார்க் நகரத்து மடத்துக்கு 400 பவுண்டு கடன்பட்டு நிலத்தை இழக்கவிருந்த ஒரு வீரருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து மீட்கிறவன் அவன். குடியானவன் கொடுக்கிறான், மேட்டுக்குடி வீரர் வாங்கிக்கொள்கிறார். இந்தத் திசையைக் கவனியுங்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ராபின் இப்படித்தான் இருந்தான். பிறகு 1598இல் லண்டன் நாடக மேடைக்காக ஆண்டனி மண்டே அவனை ஹண்டிங்டன் பிரபு ஆக்கினார். இப்போது ராபின், சூழ்ச்சியால் சொத்தை இழந்து காட்டுக்குப் போகும் கனவான். 1746இல் வில்லியம் ஸ்டூக்லி என்ற பாதிரியார் ஒரு படி மேலே போய் அவனுக்கு வம்சாவளிப் பட்டியலே தயாரித்தார். ஆதாரம் என்று எதுவும் தேறாத பட்டியல். இதைவிட வியப்பு, 1795இல் ராபின் ஹூட் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த ஜோசப் ரிட்சன். பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடியவர், மன்னராட்சியை வெறுத்தவர். அவரும் ராபினை உயர்குடிப் பிறப்பு என்றே எழுதினார்.

தொலைக்காட்சிக்கு வந்தாலும் இதே கதைதான். 1955இல் பிரிட்டனில் தொடங்கிய 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' தொடரின் பல கதைகளைப் புனைபெயரில் எழுதியவர்கள், கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்ட எழுத்தாளர்கள். ரிங் லார்ட்னர் ஜூனியர் அவர்களில் ஒருவர். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் கதையை எழுத அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஆனால் அந்தத் தொடரிலும் ராபின் சிலுவைப் போரிலிருந்து ஊர் திரும்பும் பிரபுதான். 1991 திரைப்படத்திலும் பிரபு வீட்டுப் பிள்ளை. 2006இல் பிபிசி எடுத்த தொடரிலும் பிரபு.

அந்த 1991 படத்தில் ராபினுக்கு ஒரு முஸ்லிம் தோழன் இருக்கிறான். பிபிசி தொடரில் ஜாக் என்ற சரசேனியப் பெண் கூட்டத்தில் இருக்கிறாள், நடித்தவர் அஞ்சலி ஜெய். மூன்றாம் பருவத்தில் துறவி டக்காகக் கறுப்பின நடிகர் டேவிட் ஹேர்வுட் வருகிறார். நல்லது, வரவேற்போம். ஆனால் கூட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, தலைவனின் பிறப்பு மட்டும் மாறவில்லை. கூட்டத்தில் இடம் தருவார்கள், தலைமையைத் தரமாட்டார்கள். இது எந்த நாட்டுக் கட்சி அலுவலகத்தில் நடப்பது என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்தப் பின்னணியில்தான் லாக்ஸ்லியின் முதல் இரண்டு பருவங்கள் எனக்கு முக்கியமாகின்றன. முதல் பருவத்தின் கடைசிக் கதையில் அரசர் ரிச்சர்ட் வருகிறார். வழக்கமான ராபின் கதைகளில் அரசர் வந்துவிட்டால் எல்லாம் சுபம். மன்னிப்பு, பட்டம், கல்யாணம், வணக்கம். இங்கே லாக்ஸ்லியும் முதலில் மயங்குகிறான். பிறகு அரசருக்கு வேண்டியது அடுத்த போருக்கான பணம்தான், குடிகள் எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலையில்லை என்று புரிந்ததும் எழுந்து காட்டுக்கே திரும்புகிறான். நல்ல அரசர் வருவார் என்ற நம்பிக்கையை உடைக்க ஒரு கிராமத்தானால் முடிந்தது. இரண்டாம் ராபினின் பருவத்திலோ, காலமெல்லாம் எதிரியாக இருந்த கை ஆஃப் கிஸ்பர்னும் ஹண்டிங்டன் பிரபுவுக்கு முறைகேடாகப் பிறந்த மகன்தான் என்று தெரியவருகிறது. அதாவது நாயகனும் வில்லனும் அண்ணன் தம்பி. மக்களுக்கும் அதிகாரத்துக்கும் நடந்த சண்டை, ஒரு பெரிய வீட்டின் பங்காளிச் சண்டையாகச் சுருங்கிவிட்டது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். உண்மையில் புரியவைத்தது வேறொரு சம்பவம்.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். நன்றாக வந்தது என்று எனக்கே தெரிந்தது. தேநீர் இடைவேளையில் ஒரு மூத்த பேராசிரியர் என் தோளில் கை போட்டுப் பேசினார். ஊர் கேட்டார், தெரு கேட்டார். சொன்னேன். "உங்க பேச்சைக் கேட்டா அப்படித் தெரியவே இல்லையே தம்பி. உங்க முன்னோர்ல யாரோ பெரிய குடும்பத்து ஆள் இருந்திருக்கணும்" என்றார். மனதாரப் பாராட்டினார். என் ஆய்வேட்டுக்குப் படிக்க வேண்டிய நூல்களையும் சொன்னார். நான் சிரித்து, "நன்றிங்க ஐயா" என்றேன்.

அந்த நன்றி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. கரும்பு வெட்டி என்னைப் படிக்கவைத்த அப்பாவையும், பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் கூடவே நடந்து வந்த அம்மாவையும் ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டு, முகம் தெரியாத ஒரு பெரிய வீட்டுக்கு என்னை எழுதிவைத்தார். அதற்கு நான் நன்றி சொன்னேன். 1598இல் ராபினுக்கு நடந்ததும் இதுதான். யாரும் அவனை இழிவுபடுத்தவில்லை. பாராட்டினார்கள். பாராட்டி, பெற்றவர்களிடமிருந்து அவனைப் பறித்துக்கொண்டார்கள்.

இது மேலிருந்து மட்டும் நடப்பது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் மதுரை வீரன் கோயில் உண்டு. அப்பாயி கதை சொல்லும்போது வீரன் காசி ராஜாவின் மகன்தான். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் குடும்பத்துச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்த பிள்ளை. நமது சாமி ராஜா வீட்டுப் பிள்ளை என்பதில் சிறுவயதில் எனக்குத்தான் எவ்வளவு பெருமை! அந்தக் கதையில் ஒன்று மட்டும் அப்போது உறைக்கவில்லை. மாறுகால் மாறுகை வாங்கும்போது காசி ராஜா ஒருவரும் வரவில்லை. வெட்டுப்படும்போது அவன் சின்னான் மகன், கும்பிடும்போது ராஜகுமாரன். வளர்த்தவர்களுக்கு வெட்டும், பெயர் தெரியாத அரண்மனைக்குப் பெருமையும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இனி நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. சலுகையை விட்டுவிட்டு வருகிறவர்கள் நமக்குத் தேவை. ராபர்ட் போன்றவர்களைக் கேலி செய்து துரத்தினால் இயக்கம் வளராது. விட்டு வருவது எளிதும் அல்ல. ஆனால் விட்டு வந்தவனைத்தான் கதை நாயகனாக்கும், எதுவும் இல்லாதவன் போராடினால் அது வயிற்றுப்பாடு என்று ஒதுக்கும் என்றால், அங்கே அளக்கப்படுவது தியாகம் இல்லை. முன்பு எவ்வளவு வைத்திருந்தாய் என்ற சொத்துக் கணக்கு.

இல்லாதவன் எதை விடப்போகிறான்? லாக்ஸ்லி உயிரை விட்டான். அதற்கு முன், குனிந்து வாழ்ந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு சாதாரண வாழ்க்கையை விட்டான். ஆலை, மனைவி, வயதாகிச் சாவது. பிரபு மகன் காட்டு வாழ்க்கை சலித்தால் திரும்பிப் போக ஒரு வாசல் எங்கோ இருக்கும். தகப்பன் மன்னிக்கக்கூடும். லாக்ஸ்லிக்குத் திரும்பிப் போக வீடே இல்லை, அதை எரித்துவிட்டார்கள். அந்த நிலையில் நின்று போராடுவதற்குப் பெயர் வைக்காமல் விட்டது கதை சொன்னவர்களின் குறை, போராடியவர்களின் குறை அல்ல.

கதையை மாற்ற முடியாது என்றும் நினைக்க வேண்டாம். இதே தொடரில் நாசிர் என்ற சரசேனிய வீரன் முதல் கதையிலேயே சாக வேண்டியவன். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போனதால் உயிரோடு விட்டார்கள். பழம்பாடல்களில் அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல ராபின் கதைகளில் ஒரு முஸ்லிம் தோழர் கட்டாயம் ஆகிவிட்டார். படப்பிடிப்பில் சிலருக்குத் தோன்றிய பிரியம் ஒரு பழங்கதையை இவ்வளவு மாற்றும் என்றால், ராபினை அவன் பெற்றோரிடமே திருப்பிக் கொடுப்பது ஒன்றும் முடியாத காரியம் அல்ல.

நண்பனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கானரி நடிப்பு நல்லாத்தான்டா இருக்கும்" என்றான். இருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த கருத்தரங்கில் யாராவது என் முன்னோரில் பெரிய மனிதரைத் தேடினால் பதில் தயாராக வைத்திருக்கிறேன். "இருக்காருங்க ஐயா. கரும்பு வெட்டுறார்."