மருதமரத்தடியில் ஒரு இரவு

காம்பிங் எண்டதும் எங்கட கண்ணுக்குள்ள வாறது கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடும், அதுக்குக் கீழ வெளிச்சம் போட்ட கூடாரமும்தான். ஆனா ஈச்சிலம்பற்று ஆக்களுக்கு இது புதுசில்லை. வடக்கிலிருந்து வாற கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வெருகல் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டு, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை தாண்டி, குமண, யால காடுகளுக்குள்ள இறங்குகினம். கும்புக்கன் ஓயாக் கரையில் பெரிய மருதமரங்களுக்குக் கீழ சமைச்சுச் சாப்பிட்டு, படுத்தெழும்புறது காம்பிங் இல்லாம வேறென்ன? 'கும்புக்' எண்டால் சிங்களத்தில மருதமரம்தான்.

பெரிய மரம்தானே, ஒண்டும் ஆகாது எண்டு நினைக்கிறம். உலகத்திலேயே உயரமான மரம் ஹைப்பீரியன் எண்ட ரெட்வுட். கிட்டத்தட்ட 116 மீற்றர். பார்க்கப் போன சனம் சுத்தியிருந்த செடிகளை மிதிச்சு, குப்பையும் போட்டதால, 2022இல் அந்த இடத்துக்குப் போகவே தடை வந்தது. அதுக்கே அந்தக் கதியெண்டால் எங்கட மருதமரங்கள் எம்மாத்திரம்?

வேரடியில் அடுப்பு மூட்டுறதும், சொப்பிங் பையையும் தண்ணிப் போத்தலையும் விட்டுட்டு வாறதும் பக்தியில சேராது. காட்டுப்பாதை வருசத்தில சில நாள்தான் எங்களுக்குத் திறக்குது. மிச்ச நாளெல்லாம் அது யானைக்கும் கரடிக்கும் வீடு.

அடுப்பை மரத்தை விட்டுத் தள்ளி, வெறும் மணலில் மூட்டுவம். வெளிக்கிட முதல் தண்ணி ஊத்தி அணைப்பம். குழுவுக்கு ஒராள் குப்பைச் சாக்கைச் சுமக்கட்டும். இதையெல்லாம் வெருகலில் தங்கும்போதே பேசி முடிக்கவேணும். காட்டுக்குள்ள குப்பை வண்டி வராது.