சுவருக்கு அப்பால் எறியாதீர்!



ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களுக்கு அழையா விருந்தினர் சிலர் வந்து சேருவது வழக்கம். அவர்கள் வருவதும் போவதும் இரவில். விடியற்காலைத் திருப்பலிக்குப் புறப்படும்போது வாயிற்படியில் வெள்ளியிழைபோல் மின்னும் கோடுகளே அவர்கள் வந்து சென்றதற்குச் சான்று. நேற்று நட்ட கத்தரி நாற்றில் தண்டு மட்டும் நிற்கும், இலை இராது. வந்தவர் யார் என்கிறீர்களா? நத்தையார்தாம்!

இவர்களுள் இரு வகையினர் உளர். தோல்போன்ற கரிய முதுகுடன் பூந்தொட்டியின் அடியில் ஒட்டிக் கிடப்பது ஓடில்லா நத்தை. கைப்பிடியளவு ஓட்டைச் சுமந்து, சுவரின் சுண்ணாம்பையும் சுரண்டித் தின்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. இது நம் நாட்டுக்குத் தானாக வரவில்லை. 1847-இல் நத்தையோடுகளை ஆராயும் ஆர்வலரான பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று நாடெங்கும் பரவியுள்ளன. ஒருவர் தோட்டத்தில் விட்டது ஊரார் தோட்டத்துக்கெல்லாம் வினையாயிற்று!

அதே பிழையைச் சிறிய அளவில் நாமும் செய்கிறோம் அல்லவா? எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீட்டினரான இரு பெண்மணிகள், காலைதோறும் தத்தம் நத்தைகளைப் பொறுக்கி மதிலுக்கு அப்பால் எறிந்து வந்தனர். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் எறியக் கையோங்கி, மதில்மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டனர். இளையவர்தாம் முதலில் வாய்திறந்தார்: “அக்கா, இது உங்கள் வீட்டு நத்தையா, எங்கள் வீட்டு நத்தையா?” இருவரும் நகைத்துவிட்டனர். ஆயினும் அதற்கு முந்திய மாதம் முழுவதும், செபமாலைக்கு ஒன்றாக அமர்ந்தும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர் என்பதை நான் அறிவேன்.

எறிவதால் நத்தை குறையாது. பெருநத்தைகளில் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. வளர்ந்த ஒவ்வொன்றும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேலும் இடும். ஆகவே பிடிப்பதே வழி. அதற்கான பொறிகளோ நம் வீட்டிலேயே உள்ளன.

முதலாவது, கோணிப்பைப் பொறி. பழைய சாக்கை நனைத்து மடித்து, இடையில் முட்டைக்கோசின் வெளியிலைகளையோ பப்பாளித் தோலையோ பரப்பி, அந்தி வேளையில் செடியோரம் இடுக. இரவெல்லாம் மேய்ந்த நத்தை வெயிலுக்கு அஞ்சி ஈரமான இருளைத் தேடும். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் அதனடியில் கூட்டமாக அகப்படும்.

இரண்டாவது, கவிழ்த்த கொட்டாங்குச்சி அல்லது உடைந்த பூந்தொட்டி. நத்தை நுழைய ஒரு பக்கம் சிறு கல் வைத்து உயர்த்துக. நிமிர்த்தி மட்டும் வைக்காதீர்கள். மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். நத்தையை விரட்டப் போய்க் காய்ச்சலை வரவழைத்த கதையாகும்.

மூன்றாவது, புளித்த மாவுப் பொறி. மேலைநாட்டார் பீர் என்னும் மதுவைக் கிண்ணத்தில் ஊற்றி நத்தையைக் கவர்வர். நாம் அதற்காக மதுக்கடை வாசலை மிதிக்க வேண்டா! கோதுமை மாவும் நீரும் ஈஸ்டும் கலந்து புளிக்கவைத்த மாவு நத்தைகளை நன்கு ஈர்க்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-இல் கண்டறிந்து வெளியிட்டுள்ளனர். அதைத் தளரக் கரைத்து, ஆழமான டப்பாவில் பாதியளவு ஊற்றி, விளிம்பு தரைக்குமேல் ஒரு விரற்கடை நிற்குமாறு புதைக்க வேண்டும். மழைநீர் விழாதபடி மேலே ஒரு மூடியைத் தூக்கலாக வைத்து, இரண்டு நாளுக்கொருமுறை மாவை மாற்றுக. வீட்டில் மிஞ்சிப் புளித்த மாவையும் இவ்வாறு வைத்துப் பார்க்கலாம்.

பிடித்தவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் வளர்வதுண்டு. அவை மனிதர் வயிற்றுக்குள் சென்றால் மூளையுறை அழற்சி உண்டாகலாம். எனவே உறையணிந்தோ இடுக்கியாலோ எடுத்து, ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் இட்டு, இறந்தபின் ஆழக் குழிதோண்டிப் புதைக்கவும். உப்பை மண்ணில் தூவினால் செடியும் பட்டுப்போகும். பிள்ளைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். பச்சையாக அரைக்கும் புதினா, கொத்துமல்லியை இலை இலையாக அலசுங்கள். தொட்டிகளின் அடியில் ஜவ்வரிசிபோல் காணப்படும் முட்டைகளையும் விடாதீர்கள்.

கடையில் விற்கும் நத்தைக் குருணை மருந்து எளிதெனத் தோன்றும். ஆனால் அதிலுள்ள மெட்டால்டிஹைடு நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தவழும் குழந்தைக்கும் ஆபத்து. நத்தையைத் தின்னும் செம்போத்தும், மின்மினியின் புழுவும் ஆண்டவர் நமக்கு அளித்துள்ள தோட்டக்காவலர்கள். அவற்றையும் நஞ்சுக்கு இரையாக்கலாமா?

இம்மழைக்காலத்தில், நவம்பர் 3-ஆம் நாள், புனித மார்ட்டின் தெ போரசின் திருநாளைக் கொண்டாடுகிறோம். 1639-இல் லீமா நகரில் இறந்த அத்துறவியைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. மடத்தின் திருவுடைகளை எலிகள் கடித்துக் குதறியபோது, மற்றவர்கள் நஞ்சிட எண்ணினராம். அவரோ எலிகளைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, நாள்தோறும் தம் கையாலேயே உணவளித்தாராம். எலிகளை அவர் அண்டை வீட்டுக்கு அனுப்பவில்லை. தொல்லையின் சுமையைத் தாமே ஏற்றார் என்பதைக் கவனியுங்கள்.

அத்தகைய அருள் நமக்கில்லை. நாற்றுகளைக் காக்க நத்தைகளைக் கொல்லத்தான் வேண்டியுள்ளது. எனினும் நம் தொல்லையைப் பிறர் முற்றத்தில் இறக்கிவைக்காதிருக்க நம்மால் இயலும். ஒரு வீடு மட்டும் பொறி வைத்தால் மறுவாரமே அடுத்த மனையிலிருந்து நத்தை ஊர்ந்துவரும். தெருவார் அனைவரும் ஒரே இரவில் தொடங்கி, மழைக்காலம் முடியுமட்டும் தொடர்ந்தாலே பயன் விளையும்.

நான் கூறிய அவ்விரு பெண்மணிகளும் இப்போது ஒரே வாளியைத்தான் பயன்படுத்துகின்றனர். ஒருநாள் அக்கா பொறுக்குகிறார், மறுநாள் தங்கை. மதிலுக்கு மேல் இப்பொழுது கடந்து செல்வது வெண்டைப் பிஞ்சும் முருங்கைக் கீரையும்தாம்!