வேகத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்வோர் சோழவரத்தைக் கடந்தே செல்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு அமைக்கப்பட்ட விமான ஓடுதளத்தில்தான், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் திறக்கப்பட்ட பின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

பந்தயங்கள் இடம்பெயர்ந்தன, வேக மோகம் இங்கேயே தங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் பணிநேர மாற்றத்தின்போது, இருசக்கர வாகனங்களில் தொழிலாளர்கள் செல்லும் அதே சாலையில்தான் கன்டெய்னர் லாரிகளும் செல்கின்றன. தன் காரின் திறனைச் சோதிக்க விரும்புபவரும் அதே சாலையைத்தான் தேடுகிறார். அவர் ஒரு கணம் தவறினால், விலை கொடுப்பவர் அவராக மட்டும் இருப்பதில்லை.

அனுமதியின்றிப் பொதுவெளியில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி மூன்று மாதங்கள் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இது தேவையான தண்டனையே. ஆனால், எங்கே ஓட்டக் கூடாது என்று சொல்லும் சட்டம், எங்கே ஓட்டலாம் என்று சொல்வதில்லை.

அதற்கான விடைதான் 'டிராக் டே'. இது பந்தயமன்று, பரிசும் இல்லை. சாதாரணச் சாலைக் காரின் உரிமையாளர், கட்டணம் செலுத்தி, எதிரே வாகனம் வராத மூடிய தடத்தில், கண்காணிப்பாளர்களும் ஆம்புலன்ஸும் இருக்க, தன் காரை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், கட்டணம் செலுத்தினால் பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரையே ஓட்டலாம்.

இதற்குக் காரைத் தயார் செய்வதே ஒரு பாடம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டாட் 4' வகைத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான அளவோ 155 டிகிரிதான். அடுத்தடுத்துப் பலமாக பிரேக் பிடிக்கும்போது அது கொதித்தால், மிதித்த பெடல் பிடிமானமின்றி அமுங்கிப் போகும். தடத்தில் இதை அறிந்தவர், நெடுஞ்சாலையில் தன் காரைக் குருட்டுத்தனமாக நம்பமாட்டார்.

ஆனால், இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாதுகாப்புக்காகக் காருக்குள் இரும்புக் கூண்டு பொருத்தியவர்கூட, தடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் விதிமீறியவராகக் கருதப்படலாம். வழக்கமான கார் காப்பீடோ, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைக்கிறது. முறையாகத் தடத்தை நாடுபவருக்கே இத்தனை தயக்கங்கள் என்றால், மற்றவர்கள் நள்ளிரவு நெடுஞ்சாலையைத் தேடுவதில் வியப்பில்லை.

தடம் என்றாலே பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. 2023-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் ஜனவரியில் ஒரு மூத்த கார் வீரரும், ஆகஸ்டில் 13 வயது மோட்டார் சைக்கிள் வீரரும் உயிரிழந்தனர். எனவே வயது வரம்பு, வாகனப் பரிசோதனை, பயிற்றுநர், மருத்துவ வசதி ஆகியவை கட்டாயமாக வேண்டும்.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுநேர ஃபார்முலா 4 பந்தயம் பெரும் கவனம் பெற்றது. பார்வையாளரை ஈர்க்கும் காட்சிக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அன்றாடத் தேவைக்கும் அரசு காட்டலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்காக வாகன மாற்றத்துக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 52-ஆவது பிரிவே மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. அதைப் பயன்படுத்தி, தடத்துக்கான பாதுகாப்பு மாற்றங்களை வரையறுக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் ஒருநாள் காப்பீட்டுக்கு வழிவகுக்கலாம். செலவை ஓட்டுபவர்களே ஏற்கட்டும்.

பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை சலுகை என்று கேட்கலாம். இதன் முதல் பயனாளி கார் உரிமையாளர் அல்லர். இரவுப்பணி முடிந்து அந்த நெடுஞ்சாலை வழியே வீடு திரும்பும் தொழிலாளிதான்.