அலோய் வீலுக்குக் காசு இருக்கு, பிள்ளையின் தலைக்கு இல்லையா?



2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததிலிருந்து ஊரில் எங்கு போனாலும் வண்டிப் பேச்சுதான். லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், லீசிங் எவ்வளவு, அலோய் வீல் இருக்கா, ரிவர்ஸ் கெமரா இருக்கா. எல்லாம் கேட்கிறோம். பக்கத்தால் ஒரு லொறி வந்து அடித்தால் பின் சீட்டில் இருக்கும் பிள்ளையின் தலைக்கு என்ன பாதுகாப்பு என்று மட்டும் கேட்பதில்லை.

"ஏர்பேக் இருக்கு" என்பார் விற்பவர். எத்தனை? எங்கே? ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் உள்ள இரண்டும் முன்னால் மோதும்போது முன்னால் இருக்கும் இருவருக்குத்தான். 2018இல் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டாயமாக்கியதும் அந்த இரண்டைத்தான்.

முன்னால் மோதினால் நசுங்குவதற்கு பொனட் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கதவும் கண்ணாடியும்தான். அதற்காகத்தான் கேர்டன் ஏர்பேக். கதவுகளுக்கு மேலே கூரையோரம் மடித்து வைத்திருப்பார்கள். அடி விழுந்ததும் கண் இமைப்பதற்குள் திரை போல இறங்கி முன், பின் ஜன்னல்களை மூடும். தலை கண்ணாடியிலோ, வெளியே நிற்கும் போஸ்டிலோ போய் மோதாது. முன் ஏர்பேக்கில் உடனே காற்றிறங்கிவிடும். உருளும் விபத்துக்கென்று செய்த கேர்டன் சில செக்கன்கள் ஊதியபடியே நிற்கும், ஆட்கள் ஜன்னலால் எறியப்படாமல் இருக்க. வளைவும் பள்ளமும் நிறைந்த எங்கள் கண்டிப் பக்கத்துக்கு இது ஆடம்பரமா?

அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் நிறுவனம் ஆய்வு செய்து சொன்னது: தலையைக் காக்கும் பக்க ஏர்பேக் உள்ள கார்களில், சாரதி பக்கம் அடிபடும்போது சாரதி இறக்கும் அபாயம் 37 வீதம் குறைவு.

"ஜப்பான் வண்டி, எல்லாம் இருக்கும்" என்பது அடுத்த கதை. ஜப்பானிலேயே பல சிறிய கார்களுக்கு கேர்டன் ஏர்பேக் மேலதிகக் காசு கட்டிப் போட வேண்டிய ஒப்ஷனாக இருந்தது. கூரையைத் தாங்கும் தூண்களின் மேல்பக்கத்தில் "எஸ்ஆர்எஸ் ஏர்பேக்" என்ற எழுத்து இருக்கா என்று பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் எஸ்ஆர்எஸ் லைட் சில செக்கன்கள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையா? வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் லைட்டைக் கழற்றி விற்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. பெல்ட் போடாதவருக்கு எந்த ஏர்பேக்கும் முழுதாக உதவாது. 2022இல் மும்பைக்கு அருகே பெரும் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடஸ் காரின் பின் சீட்டில், பெல்ட் இல்லாமல். நாமோ கலியாணத்துக்குப் போகும்போது ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேரை ஏற்றி, குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம்.

"எல்லாம் கத்ர், மௌத்து வந்தால் வரும்" என்று கொமண்ட் போட வருபவர்களுக்கு முன்கூட்டியே பதில்: ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கட்டாமல் விடுவதற்குப் பெயர் தவக்குல் இல்லை, அலட்சியம்.

அலோய் வீலை விடுங்கள். அடுத்த வண்டி பார்க்கப் போகும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். வாங்குபவன் கேட்டால்தான் விற்பவன் கொண்டுவருவான்.